கயித்துல கடைசி ஆளு

தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்க போன்ல பேசுனது காதுல விழுந்துருச்சு. வியட்நாமுக்குங்களா? குடும்பத்தோடயா? முன்னாடி சீட்டுல ரெண்டு கொழந்தைகளோட இருக்கறவங்க உங்க வீட்டுக்காரங்களா. நல்லதுங்க. நாங்களும் அங்கதான் போறோம், இன்னைக்குச் சாயங்காலப் பிளைட்டுத்தான். கோயமுத்தூர்ல ஏறினப்பவே உங்க பெட்டியப் பாத்து நெனச்சேன், இவரு கொச்சி ஏர்போர்ட்டுக்குத்தான் போவாருன்னு.

குகைன்னு என்னமோ சொன்னீங்களே. டியூப்புல உக்கோந்து தண்ணியில மெதந்துட்டே உள்ள போறது, தலையில லைட்டு வெச்ச தொப்பி குடுப்பாங்க, உள்ளயே ஒரு மணல் திட்டுல சோறு போடுவாங்க, அதானுங்களே. எந்தக் குகைன்னு கேட்டு வெச்சிருக்கறீங்களா? இல்லீங்களா. செரி விடுங்க. அங்க எத்தனையோ இருக்குது, நீங்க போறது வேறயாத்தான் இருக்கும்.

இன்னொண்ணு கேக்கறேன், சங்கடப்படக் கூடாது. உங்க வீட்டுக்காரங்க உங்களப் பேர் சொல்லிக் கூப்புடுவாங்களா? கூப்புடுவாங்களா. அது நல்லதுங்க. ரொம்ப நல்லது.

சிரிக்கறீங்க. சிரிங்க. இப்பத்தான வாளையாறு தாண்டியிருக்குது, சொல்றதுக்கு நேரமிருக்குது. காத மட்டும் கொஞ்சம் கிட்டக்கக் குடுங்க, மெதுவாத்தான் சொல்லோணும். மூணு சீட்டு முன்னாடி ஜன்னலோரமா பச்சைச் சேலை தெரியுதுங்களா? அது என்ற தம்பி பொண்டாட்டி, சம்பூர்ணம். பக்கத்துல இருக்கறது என்ற வீட்டுக்காரி தங்கமணி. ரெண்டு பேரும் ஒண்ணா உக்கோந்துக்கறோம்னு போயிட்டாங்க. தங்கமணி என்ற கூட மொகங்குடுத்துப் பேசி ஒரு வருசமாச்சு. காரணம் கேட்டாச் சொல்ல மாட்டேங்கறா. பொம்பளைங்க மனசுல என்ன இருக்குதுன்னு நாம எங்க கண்டோம்.

நாங்க திருச்செங்கோடுங்க. ரிக் வண்டி வெச்சுப் போர் போடற குடும்பம். நானும் தம்பி செங்கோடனும் முப்பது வருசமா ஒண்ணாத் தொழில் பண்றோம். ராஜஸ்தான், ஒரிசா, மத்தியப் பிரதேசம், எங்க பாறை இருக்குதோ அங்க நாங்க போர் போட்டிருக்கறோம். பாறையத் தொட்டுப் பாத்தாப் போதும், எத்தனை அடியில ஈரம் வரும், எத்தனை அடியில தண்ணி அடிக்கும்னு சொல்லிப் போடுவேன். பீத்திக்கறேன்னு நெனைக்காதீங்க, யார வேணா கேட்டுப் பாருங்க. ஒரு ஊர்ல சோலி முடிஞ்சா அந்த ஊரு பாறையில ஒரு துண்டு எடுத்துட்டு வந்துருவேன். எங்க ஆபீஸ்ல அதுக்குன்னே ஒரு கண்ணாடி அலமாரி இருக்குது. ஒவ்வொரு கல்லுக்கும் கீழ ஊரு பேரெழுதி ஒட்டியிருக்கும்.

செங்கோடன் என்னையவிட ரெண்டு வயசு சின்னவன். அண்ணன் சொன்னா ஏன்னு கேக்க மாட்டான். மொகத்துல அவன் அம்மா சாடை, நான் அப்பா சாடை. குரல் மட்டும் ஒண்ணுங்க. அச்சு அசலா ஒண்ணு. ஆபீஸ் போன எடுத்து 'சொல்லுங்க'ன்னா, அந்தப் பக்கம் இருக்கறவங்க 'பெரியவருங்களா சின்னவருங்களா'ன்னுதான் மொதல்ல கேப்பாங்க. எங்கம்மாவே ஏமாந்திருக்கறா. சம்பூர்ணம் கல்யாணமாயி வந்த புதுசுல ரெண்டு தடவ என்னைய அவன்னு நெனச்சு, போன்ல என்னென்னமோ பேசிட்டு, அப்புறம் வெக்கப்பட்டுட்டு வாரம் பூரா என்ற முன்னாடி வராமயே இருந்தா. அதெல்லாம் பேசிப் பேசிச் சிரிப்போம்.

போன வருசம் இதே ஆவணியில போனமுங்க. மழைக்காலத்துல வண்டி ஓடாது, சும்மாத்தான் இருப்போம். எல்லாரும் வியட்நாம் வியட்நாம்ங்கறாங்க, நாமளும் பாத்துட்டு வரலாம்னு நாந்தான் ஏற்பாடு பண்ணினேன். நான், தங்கமணி, செங்கோடன், சம்பூர்ணம், அவங்க பொண்ணு பிரகதி. அஞ்சு பேரு. கப்பல்ல போனோம், கோயிலு பாத்தோம், எல்லாம் நல்லபடியாத்தான் போச்சு. அஞ்சாவது நாளு குகை.

மலையடிவாரத்துல ஒரு கொட்டாய் போட்டு ஆபீஸ் வெச்சிருந்தாங்க. எங்களக் கூட்டிட்டுப் போற ஆளு பேரு லாம். அம்பது வயசிருக்கும், ஒல்லி, சிரிக்கவே மாட்டான். அவன் இங்கிலீசுல சொல்றதப் பிரகதி எங்களுக்குத் தமிழ்ல சொன்னா. ஒரு நோட்டப் போட்டு ஒவ்வொருத்தரா வாயத் தொறந்து பேரச் சொல்லச் சொன்னான். உள்ள போனா வெளிச்சம் பத்தாது, தண்ணிச் சத்தம் வேற, அங்கங்க நின்னு நான் பேர் சொல்லிக் கூப்புடுவேன், அவங்கவங்க பேருக்கு அவங்கவங்கதான் பதில் சொல்லோணும். ஒருத்தருக்காக இன்னொருத்தர் பதில் சொல்லவே கூடாது. புருசன் பொண்டாட்டியும் அப்பப்பப் பேர் சொல்லிக் கூப்புட்டுப் பாத்துக்கோங்கன்னான்.

சம்பூர்ணம் சிரிச்சுட்டா. "அதெப்புடிங்க மாமா அவரு பேர நான் சொல்றது"ன்னு என்னையப் பாத்துக் கேக்கறா. பதினேழு வருசத்துல ஒருக்காக்கூட அவ புருசன் பேரச் சொன்னதில்ல. ரேசன் கடையிலகூடப் பொண்ண விட்டுத்தான் சொல்ல வெப்பா. அவனக் கூப்புடறதுன்னா 'ஏனுங்க'ன்னு ஒரு இழுப்பு இழுப்பா, அவ்வளவுதான். என்னையக் கூப்புடறப்ப 'ஏனுங்க மாமா'ன்னு சேத்துத்தான் சொல்லுவா, அதுல மரியாதை தவற மாட்டா. தங்கமணி எனக்கு அத்தை பொண்ணு, அவளும் என்னைய மாமான்னுதான் கூப்புடுவா. அதனால வெறும் 'ஏனுங்க'ன்னு கேட்டா அது செங்கோடனுக்கு. வீட்டுல எல்லாருக்கும் தெரியும். அவனும் சிரிச்சுட்டே, "அவ ஏனுங்கன்னாப் போதும், நான் எங்கிருந்தாலும் வந்துருவேன்னு சொல்லு கண்ணு"ன்னான். பிரகதி அத அப்புடியே இங்கிலீசுல சொன்னா. லாம் சிரிக்கல.

உள்ள போனோம். குளிருன்னாக் குளிரு, அப்புடியொரு குளிரு. வவ்வாலு வாடை. போகப்போக வாசல் வெளிச்சம் சின்னதாயிட்டே வந்து ஒரு வளைவுல சுத்தமா மறைஞ்சுருச்சு. அதுக்கப்புறம் தலையில இருக்கற லைட்டு எங்க திரும்புதோ அதுதான் கண்ணுக்குத் தெரியும். நடுவுல ஒரு எடம் ஒடுக்கமா இருந்துச்சு. அங்க டியூப்பு போகாது. சுவத்துல கட்டியிருக்கற கயித்தப் புடிச்சுட்டு ஒருத்தர் பின்னாடி ஒருத்தராத்தான் நடக்கோணும், இடுப்பளவு தண்ணி. முன்னாடி போறவங்களத் தாண்ட முடியாது. அதத் தாண்டினா மணல் திட்டு. மேல கூரை ஒரு கல்யாண மண்டபம் ஒசரம்.

அங்கதான் சோறு. பிரகதிக்குக் குளிர்ல ஒடம்பு நடுங்க ஆரம்பிச்சுருச்சு. லாமுக்குக் கூட ஒரு ஆளு இருந்தான், பின்னாடி வர்றதுக்குன்னு. நீ கொழந்தையக் கூட்டிட்டு வெளிய போன்னு லாம் அவனத் தாட்டி விட்டுட்டான். நல்லவேளைங்க, அந்தப் புள்ள தப்பிச்சுது.

சாப்புட்டுட்டு இருக்கறப்பவே லாம் எந்திரிச்சுப் போயித் தண்ணியில கைய வெச்சுப் பாத்தான். மோந்து பாத்தான். வாரப்பத் தண்ணி கண்ணாடியா இருந்துச்சு, இப்பப் பால் ஊத்தின காப்பியாட்டம் கலங்கியிருந்துச்சு. கிளம்பு, கிளம்பு, உடனேங்கறான். பிரகதியும் இல்ல, எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இங்கிலீசுல கேட்டேன், என்னப்பா விசயம்னு. மலைக்கு அந்தப் பக்கம் மழையாம். வெளிய வெயில் பொசுக்குது, இங்க ஒரு சொட்டு இல்ல, எங்கயோ பேஞ்சா இங்க எப்புடித் தண்ணி ஏறும்னு கேட்டேன். நான் கேட்டதுல என்னங்க தப்பு? முப்பது வருசம் பாறையக் கொடைஞ்சவன் நான். பாறைக்குள்ள தண்ணி அப்புடியெல்லாம் ஓடியாராது, கசிஞ்சு கசிஞ்சுதான் வரும். எனக்கே பாடம் நடத்தறான். செங்கோடன்கூட, "அண்ணா, அந்தாளு சொல்றதக் கேட்டுக் கிளம்பிரலாம்"னான். சித்தெ இருடான்னு அதட்டினேன். தேத்தண்ணி ஊத்திக் குடிச்சேன். பத்து நிமிசம் இருக்கும். பத்தே நிமிசம். அந்தப் பத்து நிமிசத்தப் பத்தி அப்புறம் எல்லாரும் பேசினாங்க.

அங்க பாறை கருங்கல்லு இல்லீங்க. சுண்ணாம்புக்கல்லு, உள்ள ஓட்டை ஓட்டையா அரிச்சிருக்கும், எங்கயோ பேஞ்ச தண்ணியும் சட்டுனு ஓடியாந்துரும். அது எனக்கு அப்பத் தெரியாதுன்னு இல்ல. தெரியும். செரி, அத விடுங்க.

கிளம்பினோம். கயித்துல மொதல்ல லாம், அடுத்து தங்கமணி, அடுத்து சம்பூர்ணம், அடுத்து நான், கடைசியில செங்கோடன். வாரப்ப இடுப்பளவு இருந்த தண்ணி இப்ப நெஞ்சுக்கு வந்துருச்சு. இழுப்புன்னா அப்புடியொரு இழுப்பு. சத்தம் வேற, எங்க கம்ப்ரசரப் பக்கத்துல நின்னு கேட்டாப்புல. முன்னாடி லாம் பேர் சொல்லிக் கூப்புடறான், ஒண்ணும் காதுல விழல. பாதி தூரம் வந்தப்ப சம்பூர்ணம் நின்னுட்டா. திரும்ப முடியாது, தலைய மட்டும் திருப்பி "ஏனுங்க"ன்னு கூப்புட்டா. பதிலு இல்ல. "ஏனுங்க"ன்னு மறுக்காவும் கூப்புட்டா. நின்னா நின்னதுதான், ஒரு எட்டு எடுத்து வெக்க மாட்டேங்கறா. தண்ணி கழுத்துக்கு வந்துட்டிருக்குது. மூணாவது தடவ கூப்புட்டப்ப, பின்னாடி இருந்து "இருக்கறன். நீ நட"ன்னு பதிலு வந்துச்சு. அதுக்கப்புறந்தான் அவ நடந்தா. நாங்களும் நடந்தோம்.

வெளிய வந்தா வெயிலுங்க. பளிச்சுனு வெயிலு. பிரகதி ஒரு துண்டப் போத்திட்டு கல்லு மேல உக்கோந்திருந்தா. லாம் எங்கள எண்ணினான். அவனோட சேத்து நாலு. மறுபடியும் எண்ணினான்.

சம்பூர்ணம் அழுகல. "பின்னாடிதான் வந்தாரு, ஒடுக்கத்துல எனக்குப் பதிலு சொன்னாரு, அதுக்கப்புறம் வாசல்ல இழுத்துட்டுப் போயிருக்கும், ஆத்துல பாருங்க"ன்னா. பிரகதி அதச் சொல்லச் சொல்ல லாம் என்னையப் பாத்தான். கடைசியா எங்க பாத்தேன்னு கேட்டான். பின்னாடிதான் வந்தான்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்றது. அவங்க உடனே படகெடுத்துட்டு ஆத்துல எறங்கிட்டாங்க. ரெண்டு நாளு, மூணு நாளு, ஆத்தோரமா பத்துப் பன்னெண்டு கிலோமீட்டருக்குத் தேடினாங்க. ஊர்க்காரங்கெல்லாம் வந்து தேடினாங்க. நல்ல சனங்க. எங்களுக்குச் சோறு கொண்டாந்து குடுத்தாங்க.

கெடைக்கலீங்க. இன்னைக்கு வரைக்கும் கெடைக்கல.

அதான் விசயம். ஊருக்கு வந்ததும் ஒறம்பரையெல்லாம் கூடிப் பேசினாங்க, ஆக வேண்டியதப் பாக்கோணும்ல. சம்பூர்ணம் ஒத்துக்கல. பொட்டு அழிக்கல, தாலி கழட்டல. பாருங்க, பூ வெச்சிருக்கறா. வருசம் திரும்புதே, தெவசம் குடுக்கலாமான்னு பெரியவங்க கேட்டதுக்கு, "பதிலு சொன்ன மனுசனுக்கு எதுக்குங்க தெவசம்"னு கேட்டுட்டா. வாசல் வரைக்கும் வந்துட்டாரு, ஆத்துல அடிச்சுட்டுப் போயி எங்கயோ கரையேறியிருப்பாரு, அடிபட்டு நெனப்புத் தப்பி எந்தக் காட்டு ஊர்லயோ இருப்பாரு. இதான் அவ சொல்றது. மாசத்துக்கு ஒருக்கா என்னையத் தனியாக் கூப்புட்டுக் கேப்பா, "மாமா, அவரு பதிலு சொன்னத நீங்களும் கேட்டீங்கதானுங்க"ன்னு. கேட்டேன் அம்மிணின்னு சொல்லுவேன். பாவம், அந்த ஒரு நெனப்புலதான் உசுரோட இருக்கறா.

பாலக்காடு பைபாசு வந்துருச்சு. கொழந்தைக பிஸ்கெட்டு கேக்குதுக பாருங்க, குடுத்துட்டு வாங்க. நான் இருக்கறேன்.

குடுத்துட்டீங்களா. எங்க விட்டேன்? ஆமா, பை. பையப் பத்திச் சொல்லவே இல்லியே. நாலாவது நாளு தண்ணி வடிஞ்சு லாம் உள்ள போனான். மணல் திட்டு இருக்குதுல்லீங்க, அதுக்கு மேல ரெண்டாள் ஒசரத்துல ஒரு மேடை மாதிரி பாறை. அதுல ஒரு துணிப்பை. ஆயுதபூசைக்குப் பார்ட்டிகளுக்குக் குடுக்கறதுக்கு எங்க ரிக் பேரப் போட்டு அடிச்ச பை. நல்லா மேல ஏத்தி, பாறைக் கொம்புல கட்டியிருந்துச்சாம். ஈரமே படல. அந்தப் பைதான் இப்ப அவ மடியில இருக்குது. போன வருசம் வாங்கினவ இன்னும் முடிச்ச அவுக்கல.

என்னங்க கேட்டீங்க? பை எப்புடி அங்க போச்சுன்னா? சம்பூர்ணமும் அதத்தான் கேட்டா, போன தைப் பொங்கலப்ப. "உங்க பின்னாடி வந்தவரு பை எப்புடிங்க மாமா அங்க மேல இருந்துச்சு"ன்னு. தண்ணி கொண்டு போயி வெச்சிருக்கும் அம்மிணின்னேன். அவ பையக் கையில தூக்கிக் கனம் பாத்தா. முடிச்சையே தடவிட்டு இருந்தா. அது ரிக்குல கயிறு கட்டறப்ப நாங்க போடற முடிச்சு. தண்ணியெல்லாம் அந்த முடிச்சுப் போடாதுன்னு அவளுக்கும் தெரியும்.

செரி. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. நாளைக்கு நீங்க யாரோ, நான் யாரோ.

பையில இருந்தது கல்லுங்க. அந்தக் குகையில ஒரு துண்டு. உள்ள இருந்து ஒண்ணையும் எடுக்கக் கூடாதுன்னு லாம் மொதல்லயே சொல்லியிருந்தான், அதனால அவன் பாக்காத சமயத்துல எடுத்து, பையில போட்டு, திட்டுல ஒரு பாறைக்குப் பின்னால வெச்சிருந்தேன். கிளம்பற அவசரத்துல மறந்துட்டேன். கயித்தப் புடிச்சு நாப்பது எட்டு வந்தப்புறந்தான் நெனப்பு வந்துச்சு. "டேய், பை அங்கயே இருக்குது, எடுத்துட்டு வந்துரு"ன்னேன். "இப்பவாண்ணா"ன்னு கேட்டான். நாப்பது எட்டுத்தானடான்னேன். போனான். அவ்வளவுதான். நான் ஒண்ணும் அவனச் சாகச் சொல்லலியே. நாப்பது எட்டு போயிட்டு வாரதுக்கு எவ்வளவு நேரமாகும்? நான் போயிருந்தாலும் போயிருப்பேன், ஆனா அவன்தான் கடைசியில நின்னான். அவன் போனாத்தான் செரி.

அப்பப் பதிலு சொன்னது யாருன்னு கேக்கறீங்க.

நீங்க அந்த எடத்துல நின்னு பாத்திருக்கோணுமுங்க. திரும்பிப் பாத்தேன். பின்னாடி லைட்டு இல்ல. ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல. தண்ணி தாடையத் தொடுது. முன்னாடி அந்தப் பொம்பள அசைய மாட்டேங்கறா. ஏனுங்க, ஏனுங்கன்னு கூப்புட்டுட்டே நிக்கறா. அவ நடக்காம நான் நடக்க முடியாது. பேரச் சொல்லிக் கூப்புட்டிருந்தான்னா என்னால வாயத் தொறந்திருக்கவே முடியாது, சாமி சத்தியமாச் சொல்றேன். அவ வெறும் ஏனுங்கன்னா. சொல்லிட்டேன். இருக்கறன், நீ நடன்னேன். அவ நடந்தா. இன்னைக்கு அவ உசுரோட இருக்கறான்னா நான் சொன்ன பதில்லதான் இருக்கறா. இல்லீனா பிரகதி அப்பனும் இல்லாம அம்மாவும் இல்லாம நிப்பா. நீங்களே சொல்லுங்க, நான் பண்ணினதுல என்ன தப்பு?

வெளிய வந்து சொல்லியிருக்கலாம்தான். லாம் கேக்கறப்பச் சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். சம்பூர்ணம் மொகத்தப் பாத்தேன். பதிலு சொல்லிட்டாரு, பக்கத்துலதான் இருப்பாருன்னு அந்த மொகத்துல ஒரு தெம்பு இருந்துச்சுங்க. அதக் கெடுக்க எனக்கு மனசு வரல. அப்புறம் ஒரு மணி நேரமாச்சு, ஒரு நாளாச்சு, அதுக்கப்புறம் எப்புடிங்க சொல்றது? உள்ள தேடுங்கன்னு சொல்லியிருந்தா மட்டும் உடனே போயிருப்பாங்களா? தண்ணி வடிய நாலு நாளாச்சே. லாம் என்னமோ தண்ணிக்குள்ள மூழ்கித் தேடற ஆளுங்க ரெண்டாம் நாளே வந்துட்டாங்க, எடம் தெரிஞ்சிருந்தா அவங்கள அங்க அனுப்பியிருப்பேன்னு சொன்னானாம். அதெல்லாம் அவன் பேச்சு. மேடையில ஈரம் படலீங்கறதப் பத்தி, செங்கோடன் அங்க எத்தனை நாளு உக்கோந்திருந்துட்டு எப்பத் தண்ணியில எறங்கினான்ங்கறதப் பத்தி, நான் யோசிக்கறதில்லீங்க. யோசிச்சா சோறு எறங்க மாட்டேங்குது.

தங்கமணிக்குத் தெரிஞ்சிருக்காதுன்னுதான் நெனைக்கறேன். அவ முன்னாடி இருந்தா. ஆனா வெளிய வந்ததும் என்னைய ஒரு பார்வை பாத்தா. அதுக்கப்புறம் பேச்சில்ல.

வடக்கஞ்சேரி தாண்டிருச்சுங்களா? கேரளாவுல ரோடு பரவால்ல.

இப்பப் போறது எதுக்குன்னு சொல்லலியே. சம்பூர்ணத்தோட யோசனைங்க. தங்கமணியும் சேந்துட்டா. மறுபடியும் உள்ள போகோணுமாம், அந்த ஒடுக்கத்துக்கு. லாம்கிட்டப் பிரகதிய விட்டுப் போன்ல பேசி ஏற்பாடே பண்ணிட்டாங்க. அவள மட்டும் ஊர்லயே விட்டுட்டு வந்துட்டோம். "மாமா, நீங்க நின்ன எடத்துல நில்லுங்க, நான் நின்ன எடத்துல நிக்கறேன். ஒருக்காக் கூப்புட்டுப் பாத்துட்டு வந்தர்றேன்"ங்கறா. என்ன பைத்தியக்காரத்தனம். ஆனா வேண்டுதலாட்டம் கேக்கறா, மறுக்க முடியுங்களா? அந்த எடத்துல ஒருக்காக் கூப்புட்டா மனசு ஆறும்னு நெனைக்கறா போல. போயி நிக்கறது, அவ கூப்புடுவா, பேசாம இருந்துட்டு வர வேண்டியதுதான்.

ரெண்டு மாசமா சம்பூர்ணத்துக்கு இன்னொரு பழக்கம். பகல் பதினோரு மணி வாக்குல ஆபீஸ் போன் அடிக்கும். எடுத்துச் 'சொல்லுங்க'ன்னா பேச மாட்டா. மூச்சு மட்டும் கேக்கும். கொஞ்ச நேரம் இருந்துட்டு வெச்சுருவா. நம்பரப் பாத்தா அவளுது. என்ற குரலு தம்பி குரலாட்டமே இருக்குதல்ல, கேட்டு ஆறுதல் பட்டுக்கறா. நானும் ஒண்ணுங் கேட்டுக்கறதில்ல. எடுத்து, சொல்லுங்க, சொல்லுங்கன்னு ரெண்டு தடவ சேத்துச் சொல்லுவேன், கேக்கட்டும்னு.

குதிரான் வந்துருச்சு. மலையக் கொடைஞ்சு ரோடு போட்டிருக்கறாங்க பாருங்க. இது உறுதியான பாறை, பயமில்ல. வெயில்ல இருந்து உள்ள பூந்ததும் கண்ணுதான் ஒரு நிமிசம் தெரியாது. சத்தம் வேற. எல்லா வண்டிச் சத்தமும் ஒண்ணாச் சேந்து, கேக்குதுங்களா? இதே இரைச்சலுதான் அங்கயும். எனக்கு இந்த எடம் பிடிக்கறதில்ல.

"ஏனுங்க."

கேட்டுச்சுங்களா? அவதான். கண்ணசந்திருப்பா, கனவு கினவு கண்டிருப்பா. பேசாம இருங்க.

"ஏனுங்க."

தங்கமணி பக்கத்துலதான இருக்கறா, எழுப்பக் கூடாதா? எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க.

"ஏனுங்க."

"இருக்கறன். நீ நட."

ஏனுங்க என்னைய அப்புடிப் பாக்கறீங்க? நானா? நான் எங்க சொன்னேன். உங்க காதுல விழுந்துச்சா? வாய்ல வந்துருச்சுங்க. மூணு தடவ கூப்புட்டா வாய் தன்னாலத் தொறந்துக்குது. இந்தச் சத்தத்துல அவளுக்குக் கேட்டிருக்காது. மூணு சீட்டு முன்னாடி இருக்கறா, எப்புடிக் கேக்கும்.

வெளிச்சம் வந்துருச்சு. திரும்பல பாருங்க. நாந்தான் சொன்னேன்ல.

எந்திரிச்சு வாராளுங்க. பையத் தூக்கிட்டு வாரா. கொஞ்சம் காலை மடக்கிக்கோங்க, வழி விடுங்க. என்ன அம்மிணி, தண்ணி கிண்ணி வேணுமா?

"இது உங்க பைங்க."

மடியில வெச்சுட்டா. அவுக்கவே இல்ல அந்த முடிச்ச. எனக்கெதுக்கு அம்மிணி இது, நீயே வெச்சுக்க. ஏர்போர்ட்டு வரட்டும், நிதானமாப் பேசிக்கலாம். போயி உக்காரு.

"நானும் அக்காவும் அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கறோமுங்க. ஊருக்குத் திரும்பிப் போறோம். தெவசத்துக்கு நாளு பாக்கோணும்."

போயிட்டா. கேட்டீங்களா நீங்க? கல்யாணமாயி வந்த நாள்ல இருந்து மாமான்னு ஒரு வார்த்தை சேக்காம அவ என்ற கூடப் பேசினதே இல்லீங்க. தங்கமணியும் எந்திரிச்சுட்டா. பெட்டிய எறக்கறா. கண்டக்டர்கிட்ட என்னமோ சொல்றா.

தங்கமணி.

தங்கமணி, நானும் எறங்கறனா, இல்ல நான் மட்டும் போகோணுமா?

தங்கமணி.

கேட்டிருக்காதுங்க. வண்டிச் சத்தத்துல அவளுக்குக் கேட்டிருக்காது.